பழசைக் கேட்டு வாங்கிய ஜைனப் அக்கா

செல்வம் தன் ஆட்டோவை என் வீட்டு வாசலில் நிறுத்தினால் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அன்று காலை அடிக்கவில்லை. இறங்கி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜைனப் அக்கா பூடுச்சு டீச்சர். தூக்கத்துலயே" என்றார்.

என் ஸ்கூட்டரில் பிரேக் சரியாகப் பிடிக்காததால், வங்கிக்குப் போக அவரை வரச் சொல்லியிருந்தேன். வண்டி வங்கிக்குப் போகவில்லை; தண்டையார்பேட்டைக்குத் திரும்பியது. அக்காவின் தெருமுனையிலிருந்து நெடுஞ்சாலை வரை ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவருக்காக ஓட்டுநர்கள் காலைச் சவாரியை விட்டுவிட்டு நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏன் நின்றார்கள் என்று அந்த வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்காவின் கடைக்கு நான் முதலில் போனது ஒரு கிளட்ச் கேபிளுக்காக. அந்த மழைக்காலத்தில் என் பழைய ஸ்கூட்டரின் கேபிள் இருமுறை அறுந்துவிட்டது. இரண்டையும் வேறு வேறு கடைகளில் வாங்கியிருந்தேன்; இரண்டு பெட்டியிலும் ஒரே கம்பெனியின் பெயர். அக்கா புதியதை எடுத்துத் தரவில்லை. கையை நீட்டி, "பழசு எங்க டீச்சர்?" என்றார். அறுந்ததைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

அதுதான் அவர் கடையின் வழக்கம். பழைய பாகத்தைப் பார்க்காமல் புதியதைத் தரமாட்டார். பிரேக் ஷூ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, புதியதும் அப்படித்தான் போகும் என்பார். வாங்கிய பழசில் மஞ்சள் பெயிண்டால் ஓட்டுநரின் பெயரை எழுதி, பின்சுவரில் கட்டிய கம்பியில் மாட்டிவிடுவார். கொஞ்ச நாள் கழித்துத்தான் அது காயலான் கடைக்குப் போகும். புதியது பற்றிப் புகார் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? ஓட்டுநர்கள் இதைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "பொண்ணு பாக்க வந்தா மாதிரி அக்கா ஜாதகம் கேக்குது மாமு" என்பார் செல்வம். அக்கா சிரிக்கமாட்டார். கையை மட்டும் நீட்டியபடி இருப்பார்.

கம்பெனிப் பொருள் வாங்க முடியாதவர்களுக்கு லோக்கல் பொருளும் விற்றார். ஒளிக்காமல் விற்றார். லோக்கலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். "லோக்கலு தன் பேரைப் போட்டுக்கினு வருது. டூப்ளிகேட்டு அடுத்தவன் பேரைப் போட்டுக்கினு வருது" என்றார். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தப்பும் தவறுமாகவேனும் தானே கணக்கைப் போடும் பையனுக்கு எங்கே தவறினான் என்று காட்டலாம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுபவனிடம் எதைக் காட்டுவது?

அந்த டூப்ளிகேட் ஒருநாள் அவர் கடைக்குள்ளேயே வந்தது. காசிமேட்டிலிருந்து மீன்கார அம்மாக்களைக் கூடையோடு ஏற்றிவரும் முருகேசன், அக்காவிடம் வாங்கிய பிரேக் ஷூவை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரும்பு ஒரு பக்கம், அதில் ஒட்டியிருந்த, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் ஒரு பக்கம். பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், பக்கத்துச் சுவரில் உரசி வண்டியை நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. அப்போது நான் கடையில் இருந்தேன். அக்கா இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேயுறது அதோட வேலை டீச்சர். பிரியுறது திருட்டு" என்றார்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லாததால், முதல்முறையாக வேறொரு மொத்த வியாபாரியிடம் வாங்கிய பெட்டிகள் அவை. அச்சும் முத்திரையும் அசலைப் போலவே இருந்தன. அவற்றில் பெரும்பகுதி விற்றுப்போயிருந்தது. மீதியை மாற்றித் தருவதாகவும், பேசாமல் இருந்துவிடும்படியும் அந்த வியாபாரி போனில் சொன்னார். அதே தெருவில் தனிக்கடை வைத்திருந்த தம்பி காதரும் ஓடிவந்தார். அவரும் அதே சரக்கை வாங்கியிருந்தார். "நாமளே போய்ச் சொன்னா, நம்மளத்தான் டூப்ளிகேட் கடைன்னு சொல்லுவாங்கக்கா. பேஜாராயிடும்" என்றார்.

"கடை பேரு பூட்டா நான் வூட்ல குந்திக்கிறேன் காதர். அவங்களுக்கு பிரேக் பூட்டா இன்னா பண்ணுவாங்க?"

அக்கா கம்பியிலிருந்த பழைய ஷூக்களைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். யாருடைய பழசு இருக்கிறதோ அவருடைய வண்டியில் அந்தப் புதுசு ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போனோம். பையிலிருந்து ஒன்றை எடுத்து மஞ்சள் பெயரைப் படிப்பார். அந்த ஆள் வருவார். தான் கொடுத்தது போலி, உடனே கழற்றிவிடு என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்வார். "வித்த பொருளைத் தேடிக்கினு வந்த மொத ஆளு நீதான்க்கா" என்று ஒருவர் சிரித்தார். இத்தனை நாள் போலியைத்தான் விற்றாயா என்று கேட்டவரும் உண்டு. அக்கா பையிலிருந்து அடுத்ததை எடுத்தார்.

இருட்டுவதற்குள் பை காலியாகிவிட்டது. ஆனால் கடைக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தபோது ஒரு ஜோடி கணக்கில் உதைத்தது. பழசு வாங்காமல் யாருக்கோ கொடுத்திருக்கிறார். அவர் அப்படிச் செய்பவரே அல்ல. வெறும் கம்பியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது. யாரோ வண்டியிலிருந்து இறங்காமலேயே வாங்கிப் போனார். நேரமாகிவிட்டது, பழசை நாளைக்குத் தருகிறேன் என்றார். முகம் நினைவில்லை. வண்டிக்குள் குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நினைவிருந்தது.

மறுநாள் காலை, கடைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பள்ளி வாசலில் அக்காவும் நானும் நின்றோம். பிள்ளைகளை இறக்கிவிட்ட ஒவ்வொரு ஆட்டோவையும் நிறுத்திக் கேட்டோம். கடைசியாக வந்த பக்கிரிதான் அந்த ஆள். வண்டி நிறைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். தன் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா விடவில்லை. பிள்ளைகள் இறங்கிய பிறகு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்துவந்து சக்கரத்தைக் கழற்ற வைத்தார். மெக்கானிக் நகத்தால் நெம்பியதும் லைனிங் தோல்போல உரிந்து வந்தது.

பக்கிரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அக்கா அந்த ஆட்டோவிலேயே, பிள்ளைகள் உட்கார்ந்துவந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அவசரம்னு ஒருத்தனுக்குத்தான் பழசு கேக்காம குடுத்தேன் டீச்சர். அவன் வண்டியிலதான் இந்தப் பசங்க" என்றார். முந்தைய நாள் முழுக்க அழாதவர் அப்போது அழுதார்.

காதர் சொன்னதும் பொய்யாகவில்லை. டூப்ளிகேட் கடை என்ற பெயர் சில காலம் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் சிலர் காதர் கடைக்கே போனார்கள். அவர் தன் சரக்கை ஓசையில்லாமல் திருப்பி அனுப்பியிருந்தார். விற்றதைத் தேடிப் போகவில்லை. அக்காவும் தம்பியும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவர் முருகேசன். இரண்டாவது பக்கிரி, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிப் போன அந்தப் பழைய ஷூவோடு.

அக்காவின் கடையை இப்போது காதர் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் என் ஸ்கூட்டருக்குப் பிரேக் ஷூ வாங்கப் போனேன். பின்சுவரில் கம்பி அப்படியே இருந்தது. வழக்கத்தை அக்காவோடு சேர்த்து அடக்கம் செய்திருப்பார்கள் என்று நினைத்து வெறுங்கையோடுதான் போயிருந்தேன். காதர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டினார்.

"பழசு எங்க டீச்சர்?"

வீட்டுக்குத் திரும்பிப் போய், மெக்கானிக்கை வரவழைத்து, கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். காதர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அது அக்கா கொடுத்தது. மஞ்சள் பெயிண்டால் 'டீச்சர்' என்று எழுதிக் கம்பியில் மாட்டினார். நினைவாக அதை நானே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்தக் கம்பிதான். என்னோடு இருப்பது அந்த நீட்டிய கை, அது போதும்.