கத்தி படாத படகு

"இருண்ணா, நைட்டி மாத்திகினு வரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் செவ்வந்தி கேக் வேலையைத் தொடங்கப் போகிறாள் என்று அர்த்தம். அவளிடம் வேலைக்கென்று இரண்டு நைட்டிகள் உண்டு. பழுப்பு நிறம் மீனுக்கு, மஞ்சள் பூப்போட்டது கேக்குக்கு. மீன் நைட்டியோடு அவள் ஓவன் பக்கம் போனதில்லை. கேக் நைட்டியோடு அரிவாள்மனையில் உட்கார்ந்ததில்லை. இரண்டுக்கும் நடுவே எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்து ஒரு கழுவல். கழுவிய கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருண்ணா, மீனு வாசன கீதா?" என்பாள். இல்லை என்று சொல்லும்வரை கையை எடுக்க மாட்டாள்.

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் அவள் வீடு. கணவன் கங்காதரன் கடலுக்குப் போகிறவன். நான் பொன்னேரிக்காரன். நண்டு வாங்க அந்தப் பக்கம் போய், அவள் கொடுத்த ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அங்கே போய் நிற்கிறேன்.

அவளிடம் போய் 'மீந்தது' என்று சொல்லிவிட முடியாது. "மீந்துச்சுன்னு சொல்லாத, தங்குச்சுன்னு சொல்லு. ஊட்ல தங்குனவங்களுக்குக் காலைல மரியாத பண்ணணும்ல?" என்பாள். மரியாதை பலமாகத்தான் நடக்கும். தங்கிய சோறு சீரகமும் பச்சை மிளகாயும் சேர்ந்து அரைபட்டு மொட்டை மாடியில் வடகமாகக் காயும். தங்கிய இட்லி உதிர்ந்து, இறால் தொக்கு வைத்த சட்டியில் மிச்சமிருக்கும் மசாலாவோடு புரண்டு எழும். வறுத்த நெத்திலி தங்குவது அபூர்வம். தப்பித்தவறித் தங்கினால் தேங்காயும் காய்ந்த மிளகாயும் வைத்து இடித்துத் துவையல். நேற்றைய மீன் குழம்பைச் சுண்டவைத்து அவள் தோசைக்கு ஊற்றும்போது, நேற்றே இன்னும் கொஞ்சம் கூட வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

கேக்கிலும் அதே புத்திதான். வெந்த கேக் நடுவில் மேடாக உப்பிக்கொள்ளும். அதைச் சமமாகச் சீவினால்தான் மேலே க்ரீம் நிற்கும். சீவியது பாலும் ஏலக்காயும் சேர்ந்து உருண்டையாகிவிடும். பூப்போட்டு முடித்ததும் பைக்குள் ஒட்டியிருக்கும் க்ரீமை ஒரு எவர்சில்வர் டம்ளரில் வழித்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைப்பாள். விரலில் ஒட்டியதையும் டம்ளர் விளிம்பில் தேய்த்துவிடுவாள். நக்கிப் பார்த்து நான் கண்டதில்லை. கேட்டால், "நாக்குக்கு ருசி காட்டுனா அப்புறம் டம்ளரு எங்க ரொம்புறது?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

பொன்னேரிக் கல்லூரிப் பெண்கள் போனில் படம் அனுப்புவார்கள். திருப்பாலைவனத்திலிருந்து காதுகுத்துக்கு ஆர்டர் வரும். மயில், பொம்மை, கிரிக்கெட் மட்டை, எதைக் கேட்டாலும் "படம் அனுப்பு, பண்ணிடலாம்" என்பாள். ஆனால் சொந்தக் குப்பத்தில் ஒருவரும் அவளிடம் கேக் வாங்கியதில்லை. பஸ் ஏறிப் போய் பேக்கரியில் வாங்கி, ஒரு பக்கம் நசுங்கிய கேக்கோடு இறங்குவார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறவள் எதிர்வீட்டு இருசம்மாள்தான். "அவ ஊட்டு ஃப்ரிட்ஜுல வவ்வா மீனும் கேக்கும் ஒண்ணா குந்திகினு இருக்கும். நமக்கு வேணாம்பா." செவ்வந்தி எதைக் கொடுத்தாலும் இருசம்மாள் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு "வவுறு ரொம்பிக்கீது" என்று திருப்பி வைத்துவிடுவாள். இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் செவ்வந்தியின் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஊரெல்லாம் தின்கிற கேக்கைத் தன் தெரு தின்னவில்லை என்பதில் அவளுக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆகவே, இருசம்மாளின் கணவர் சிங்காரம் புதுப் படகு வாங்கி, அதை இறக்குகிற அன்று வெட்ட ஒரு கேக் வேண்டும் என்று இவளிடமே வந்து கேட்டபோது, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் போன் போட்டுச் சொன்னாள். வேடிக்கை பார்க்க நானும் போய்விட்டேன்.

கீழே நீல க்ரீமில் அலை அலையாகக் கடல். அதன்மேல் தனியாகச் செய்து உட்காரவைத்த படகு. உள்ளே சர்க்கரை மாவில் பிடித்த மீன்கள். பக்கவாட்டில் சிவப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் 'வைஷ்ணவி'. சிங்காரத்தின் மகள் பெயர்தான் படகின் பெயர். வீட்டில் கிடந்த மீன் பெட்டிகளைத் தொடாமல், பொன்னேரியில் புதுத் தெர்மாகோல் பெட்டி வாங்கி அதில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். "அச்சு அசலு நம்ம போட்டு மாரியே கீது!" என்று கேக்கைச் சுற்றி ஒரே கூட்டம். செவ்வந்தி வெட்கத்தோடு நைட்டித் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். சிங்காரம் கத்தியை எடுத்துப் படகின்மேல் வைக்கப் போனார்.

"அய்யய்யோ, இன்னாயா பண்ற?" இருசம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "தண்ணில எறங்குற அன்னிக்கே போட்டுல கத்தி வெப்பியா? அதுவும் பொண்ணு பேரு மேல?"

சிங்காரம் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகிறவனையே கட்டிக்கொண்டவள் செவ்வந்தி. மயிலும் பொம்மையும் செய்து கொடுத்துப் பழகிய பழக்கத்தில், இதையும் வெட்டத்தானே போகிறார்கள் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "எத்துகினு போயிடும்மா" என்றார் யாரோ ஒருவர். எடுத்துக்கொண்டு போனால் அவ்வளவுதான், இந்தக் கரை இனி அவள் கேக்கைத் தொடாது.

அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. "தோசக் கரண்டி ரெண்டு எட்தாங்க" என்றாள். வந்த கரண்டிகளை இரண்டு பக்கமும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படகை முழுதாகத் தூக்கிப் பெட்டி மூடியின்மேல் வைத்தாள். அப்புறம் சிங்காரத்தைப் பார்த்து, "போட்டுல கத்தி வெக்கக் கூடாது, சரி மாமா. கடல்ல வெக்கலாம்ல? தெனமும் கிழிச்சிகினுதானே போறீங்க?" என்றாள்.

முதலில் சிரித்தது சிங்காரம்தான். பிறகு கரையே சிரித்தது. கடலை வெட்டினார்கள். நீல உதடுகளோடு ஆளாளுக்கு இரண்டாம் துண்டு கேட்டார்கள். இருசம்மாள் மட்டும் படபடப்பு அடங்காமல் ஒரு வாய்கூடத் தொடவில்லை. வெட்டாத படகு செவ்வந்தியின் ஃப்ரிட்ஜுக்கே திரும்பியது. "இத இன்னா பண்ணப் போற?" என்றேன். "நெசப் போட்டு மொதல்ல கடலுக்குப் போய்ட்டு கர வந்து சேரட்டுண்ணா" என்றாள்.

மறுநாள் நண்டு வாங்குகிற சாக்கில் மறுபடி போனேன். வைஷ்ணவி முதல் மீனோடு கரையேறியிருந்தது. கூடை கூடையாகக் காணாங்கெளுத்தி. இருசம்மாள் குனிந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மீன் இறங்குகிற இடத்துக்கு மஞ்சள் நைட்டியில் செவ்வந்தி வருவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் டம்ளர்.

"அது கர சேந்துச்சு. இதுவும் சேரட்டும்" என்று பெட்டியைத் திறந்தாள். ஸ்பூனால் அந்தப் பெயரை மட்டும் சிந்தாமல் வழித்தெடுத்து, இருசம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஒம் பொண்ணு பேரு, அக்கா. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." பிறகு கத்தியில்லாமல் கையாலேயே படகைப் பிட்டு, டம்ளரில் சேர்த்துவைத்த க்ரீமைப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

இருசம்மாள் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். கையெல்லாம் மீன் செதில்.

"இன்னாக்கா, மீனு வாசன அடிக்குதா?"

"அடிக்காம? ஏங் கையாச்சே!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடித் தின்றாள். அப்புறம் அதே கையை நீட்டி, "உருண்ட ஒண்ணு குடுமே" என்றாள்.

தந்தாள். இன்னொன்று கேட்டாள், அதையும் தந்தாள். வலைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், பெட்டி காலியானது. டம்ளரின் அடியில் கொஞ்சம் நீல க்ரீம் ஒட்டியிருந்தது. செவ்வந்தி அதைச் சுண்டுவிரலால் சுற்றி வழித்தாள். எங்கே வைப்பது என்று ஒரு கணம் தேடினாள். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, விரலை வாய்க்குள் வைத்து நிதானமாகச் சப்பினாள்.