வெள்ளைப் பாவும் தெரியாத புகையும்

சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டிய வருஷங்களை இப்போது நினைத்தால், எல்லாம் நீராவிக்குள் நடந்ததுபோலத்தான் தெரிகிறது. தெருவில் நீட்டிய வெள்ளைப் பட்டுப் பாவு, அதன்மேல் இளவெயில், எங்கிருந்தோ என் மனைவியின் இருமல்.

எங்கள் தெருவில் விடிந்ததும், தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கு நூலான பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பட்டறையின் புகைபோக்கியிலிருந்து ஒரு கரித்துகள் அதில் விழுந்தால் போதும், தெருவே என்னை வறுத்தெடுத்துவிடும். அதனால் பர்னருக்குக் காற்றைத் தேவைக்கு மேலேயே திறந்துவிட்டேன். நெருப்பு வெளுத்து உறுமியது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. பாவு வெள்ளையாக இருந்தால் காற்று சுத்தம் என்பது எங்கள் தெருவின் கணக்கு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பட்டறையின் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடும் என் மனைவியின் தறியும். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. பட்டுத் தூசு என்றார்கள். டாக்டர் தறியையே விடச் சொன்னார். அவள் தாமல் கிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பேச ஆளில்லாமல் பைத்தியக்காரன்போல அந்தத் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஏரிக்காற்று வீசும் கூடத்தில், அண்ணன் தறியில் அதே பட்டை நெய்துகொண்டிருந்தாள். இளைப்பே இல்லை.

"தூசு இல்லீங்க. நம்ம வூட்ல வேற இன்னாவோ இருக்குது. அது போனாத்தான் வருவேன்."

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது என் பாய்லர்தான். முதலாளியை நச்சரித்து, சென்னையிலிருந்து புகை அளக்கும் பெண்ணை வரவழைத்தேன். புகைபோக்கியில் கம்பியை நுழைத்து மீட்டரைப் பார்த்தாள்.

"கரி இல்ல சார். ஆனா நைட்ரஜன் ஆக்சைடு ரொம்ப ஜாஸ்தி. சூடு அதிகமானா காத்துல இருக்கிற நைட்ரஜனே எரிஞ்சி அப்படி ஆயிடும். கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சைப் புடிக்கும்."

நான் பெருமைப்பட்ட நெருப்புதான் என் மனைவியைத் துரத்தியிருக்கிறது.

காற்றைக் குறைத்தோம். நெருப்பின் சூட்டைத் தணிக்க, ஆறிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி நெருப்புக்கே கொடுக்க ஒரு குழாய் வைத்தோம். பக்கத்து வீட்டு நெசவாளி தலையில் அடித்துக்கொண்டார். "புகையத் திரும்ப அடுப்புக்கே வுடறியே, பாவு நாசமாப் பூடும்பா!" நெருப்பு மட்டும் சிவந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல மெல்ல ஆடியது. மீட்டர் இறங்கியது.

"இருந்து பாக்கறேன். ஒத்துக்கலைன்னா போயிடுவேன்," என்றுதான் என் மனைவி திரும்பி வந்தாள். நாட்கள் போயின. நான் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்காததுபோல.

பிறகு ஒரு காலை, அவளுடைய பாவு தெருவில் நீண்டு கிடந்தது. நடுவில் பொட்டு வைத்தாற்போல ஒரு கரித்துகள்.

"கண்ண எங்க வச்சிக்கினு நெருப்பு எரிக்கிறீங்க? கல்யாணப் பொடவைங்க இது!" என்று ஆரம்பித்தாள். என் பாய்லர், என் புதுக் குழாய், என் சோம்பேறித்தனம் எதையும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில்கூட இருமாமல், நெஞ்சைப் பிடிக்காமல், முழுசாகத் திட்டி முடித்தாள்.