நாலு எலுமிச்சம்பழத் தூரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆயுத பூஜை ஒரு சனிக்கிழமையில் வந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயில் வாசலில், காலை பத்து மணிக்கே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. லாரி, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடுவில் என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் நின்றது. பக்கத்து சீட்டில் என் மகள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரெண்டே சீட்டு. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். ஜப்பானில் யாரோ கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்றது, கப்பலேறி வந்து என் கையில் சேர்ந்தது. அதற்காக நான் எத்தனை வருஷம் ஏங்கினேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். வாங்கிய பிறகு நான் அதை ஓட்டவே இல்லை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

வெயில் அடித்தால் பெயிண்ட் வெளுக்கும். மழை பெய்தால் சேறு தெறிக்கும். ரெண்டும் இல்லாத நாளில் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற தூசி. எப்படியும் ஒரு காரணம் கிடைத்துவிடும். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வரிசையில் வரும் பிளாஸ்டிக் மூடிகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்குவதுதான் என் வேலை. இருபது வருஷம் அதையே பார்த்த கண்ணுக்குச் சொந்தக் காரில் ஒரு கீறல் விழுவதை நினைத்தே பார்க்க முடியாது. சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை, மேலே துணிப் போர்வை, அதற்கு மேல் மழைப் போர்வை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு போர்வையையும் விலக்கி, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, துடைத்து, மறுபடி மூடிவிடுவேன். வருஷத்துக்கு ஒரு முறை கார் ஆயுத பூஜைக்குக் கோயிலுக்குப் போய், டயருக்குக் கீழே வைக்கும் நாலு எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடும்.

"இது காடி இல்ல. வருஷத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் சாப்புடுற சாமி" என்று மனைவி சொல்வாள். நானும் சிரித்துக்கொள்வேன். காடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார்தான்.

மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வயதிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கூரையைத் திறந்துவிட்டு, பினாங்குத் தீவை ஒரு சுற்று என்னோடு சுற்றி வர வேண்டும். பரீட்சை முடியட்டும் என்றேன். மழைக்காலம் போகட்டும் என்றேன். நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷம் அவளுக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "நாளைக்குப் பூஜை முடிஞ்சு அப்படியே போவோமாப்பா? அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். போவோம் என்று சொல்லிவிட்டேன்.

கோயிலில் எங்கள் முறை வந்தது. எஞ்சினை நிறுத்தினேன். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் ஆனது. நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் கையைக் காட்டினார். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். அதே டிக் டிக். மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

பின்னால் ஹார்ன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு லாரிக்காரர், "என்னாண்ணே, பழம் புளிக்குதா உங்க காடிக்கு?" என்று சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் என் கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது.

தள்ளியவர்களில் ஒருவர் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தார். ஓரமாக நிறுத்தியதும் கையைத் தட்டிக்கொண்டே குனிந்து என் டயரைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த டயர் எப்ப மாத்துனது?"

"மாத்தவே இல்ல மேடம். பாருங்க, டயர் கட்டை தேயாம அப்படியே புதுசா இருக்கு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் ரெண்டு எண் எந்த வாரம், அடுத்த ரெண்டு எண் எந்த வருஷம் செய்தது என்று அர்த்தமாம். கணக்குப் பார்த்தால் ஒன்பது வருஷம் முந்தையது. எண்களைச் சுற்றி ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் ஓடின. மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவன் நான். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த டயரைக் கறுப்பு மெருகு போட்டுத் துடைத்திருக்கிறேன். அந்த வெடிப்பை நான் பார்த்ததே இல்லை.

"பேட்டரி மாத்தினாலும் இதுல மலை ரோட்டுக்குப் போகாதீங்க. வளைவுல வெடிச்சா அவ்வளவுதான்லா" என்றார்.

அந்த அளவு டயர் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் போனில் சொன்னார்கள். வீட்டில் நிற்கும் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு போவோம் என்று மகளிடம் சொன்னேன். "பரவாயில்லப்பா" என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்தப் "பரவாயில்லை"யில் நாலு வருஷம் இருந்தது.

அந்தப் பெண் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். மகள்தான் சொன்னாள். கேட்டு முடித்ததும் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்னோடதும் இதே காடிதான். எடுத்துட்டுப் போயிட்டு வாங்க. மூணு மணி வரைக்கும் நான் அன்னதானத்துல பரிமாறணும், எங்கயும் போக மாட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். பூஜை முடிந்து ரெண்டு வண்டி தள்ளி ஓரமாக, அதே மாதிரி, அதே சிவப்பில் ஒரு கார். மாடல்தான் ஒன்று, மற்றபடி முன்பக்கம் முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள். இடது கண்ணாடி டேப்பில் நின்றது. கூரைத் துணியில் கிழிந்த இடத்தைக் கையால் தைத்திருந்தார்கள். என் சொந்த மச்சானைக்கூட நான் என் காரின் கைப்பிடியைத் தொட விட்டதில்லை. இந்த அம்மாள் முன்பின் தெரியாத எனக்குச் சாவியைக் கொடுக்கிறார்.

"என்னை உங்களுக்குத் தெரியாதே மேடம்" என்றேன்.

"உங்க காடி இங்கதானே இருக்கு. அதை விட்டுட்டு நீங்க எங்க ஓடிடப் போறீங்க?" என்று சிரித்தார். பிறகு அவசரமாகச் சொன்னார்: ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கண்ணாடியைத் தொடாதீங்க, மழை வந்தால் நிறுத்திவிட்டுக் கூரையை மூடுங்க. சொல்லிவிட்டு அன்னதானக் கூடத்துக்குள் போய்விட்டார்.

தஞ்சோங் பூங்கா தாண்டும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். பத்து ஃபிரிங்கி பக்கம் கடல் தெரிந்ததும் மகள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினாள். நானும் கொஞ்சம் அழுத்தினேன். என் காரில் ஆறு கியர் என்பது தெரியும். மூன்றுக்கு மேல் போட்டதில்லை. அன்றைக்குத்தான் ஐந்தாவது கியரில் அந்த எஞ்சின் எப்படிப் பேசும் என்று கேட்டேன். தெலுக் பகாங் தாண்டி மலை வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்தாலே கார் திரும்பியது. ஆறு வருஷமாக வீட்டில் வைத்துத் துடைத்த காரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

காருக்குள் கிடந்தவற்றை வைத்து அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தோம். காலடியில் கடற்கரை மணல். தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் ஒரு சங்கு. சீட்டு இடுக்கில் சீப்பு. கதவுப் பையில் ஒரு தொழிற்சாலையின் காது அடைப்பான். "ஃபேக்டரில வேலை. லீவு விட்டா கடலுக்குப் போவாங்க. முடி நீளம்" என்று மகள் அடுக்கினாள். அந்தச் சங்கு எந்தக் கடலோ என்று ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். அவளோடு அப்படி வெட்டியாகப் பேசி எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

பாலிக் பூலாவில் லக்சா சாப்பிட்டு, ஜாதிக்காய் ஜூஸ் குடித்தோம். கிளம்பும்போதுதான் அது நடந்தது. குறுகலான தோட்டத்துப் பாதை. எதிரே லாரி வந்தது. ஒதுங்கினேன். கிரீச் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். வேலிக் கம்பி உரசி, மகள் பக்கக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அடுத்து வந்த நினைப்பை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. இந்தக் காரில் ஏற்கெனவே இருபது கோடு இருக்கிறது, இருபத்தோராவதை அவர் எங்கே கவனிக்கப் போகிறார் என்று தோன்றியது. ஒரு மூடியில் கீறல் இருந்ததை மறைத்தான் என்று ஒரு பையன் மேல் மேலிடத்தில் புகார் எழுதிக்கொடுத்தவன் நான். மகள் கோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுவீங்கதானேப்பா?"

சொல்வேன் என்றேன். திரும்பி வரும் வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பாயான் லெப்பாஸ் வழியாக வந்ததும், விமான நிலையத்தைத் தாண்டியதும் எனக்கு நினைவே இல்லை.

மூணு மணிக்கு அவர் வாழையிலைகளை அள்ளிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நேரே போய்ச் சொல்லிவிட்டேன். பெயிண்ட் அடித்துத் தருகிறேன், முழுக் கதவுக்கும் அடித்துத் தருகிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"எந்த ரோட்டுல?" என்றார்.

மகள் சொன்னாள், பாலிக் பூலா தோட்டத்துப் பாதை, லாரி, லக்சா, எல்லாவற்றையும்.

"பாலிக் பூலா கோடு ஒண்ணும் என்கிட்ட இல்லாம இருந்துச்சு" என்றார். பிறகு காரைச் சுற்றி வந்து காட்டினார். முன்பக்கப் புள்ளிகள் தினமும் பாலம் ஏறி அக்கரையில் பத்து காவானுக்கு வேலைக்குப் போனதில். பின்னால் இருந்த பள்ளம் தங்கச்சி பிரசவத்துக்கு நிபோங் திபாலுக்கு ஓடிய அன்றைக்கு. கூரைக் கிழிசல் ஒரு குரங்கின் வேலை. சங்கு திரங்கானுக் கடற்கரையில் எடுத்ததாம். "பெயிண்ட் எல்லாம் வேணாம்ணே. இது உங்க மக கோடு. இருக்கட்டும்" என்றார்.

நான் மறுபடி மறுபடி கேட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறீர்கள், பார்க்க அழகாக வைத்துக்கொள்ளத் தோன்றாதா என்று கேட்டே விட்டேன்.

"பார்க்கறதுக்குப் போட்டோ இருக்குண்ணே. இது போறதுக்கு" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை மகளை வீட்டுக் காரில்தான் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். என் காருக்குப் புது டயர் புதன்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் தனியாகத் தீவைச் சுற்றினேன். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சீட்டு உறையைக் கத்தியால் கிழித்து எடுத்தேன். ரெண்டு போர்வையையும் மனைவி மாவு காயவைக்க எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வேலைக்கு அதில்தான் போகிறேன்.

போன மாதம் விடுமுறைக்கு வந்த மகள் காரை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் போன் வந்தது. குரல் உள்ளே போயிருந்தது. "அப்பா, திட்டாதீங்க. பின்னால சுவத்துல இடிச்சுட்டேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றேன். இல்லை என்றாள். "சரி, எந்த ரோட்டுல?" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எங்கே போனாள், யாரோடு போனாள், என்ன சாப்பிட்டாள் என்று கால் மணி நேரம் சொன்னாள். நான் உட்கார்ந்து கேட்டேன்.

ஆயுத பூஜை வரிசையில் அந்தப் பெண்ணை இப்போதும் பார்க்கிறேன். பாலிக் பூலா கோடு அப்படியே இருக்கிறது. என் கார் மீட்டர் இன்றைக்கு முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆனால் என் மகளோடு தீவைச் சுற்றிய அந்த முதல் பயணம் மட்டும் அதில் இல்லை, அது இன்னொருவருடைய மீட்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் எனக்கு உறைக்கிறது.