விசாவுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருங்க. முறையான விசாவில், நாலு பேரோடு ஒரே ரூமில், தானே பொங்கிச் சாப்பிட்டுச் சிக்கனமாக இருக்கிறார். போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, பாஸ்போர்ட்டை முருகன் படத்துக்கு முன் வைத்து, விசாப் பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புது மெசினுக்கு அப்படித்தானே வைப்போம்.

ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. "ஏம்புள்ள, விசாவுக்குமா பொட்டு வெப்பே? எழுத்தே தெரியலைன்னு உக்கார வெச்சுட்டாங்க."

"நல்லதுக்குத்தானுங்க வெச்சேன்."

"அதை அந்த ஆபீசர்கிட்டச் சொல்லு."

அந்த வாரம் போய்ச் சேராவிட்டால் விசா ரத்து. சாமி படத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். கும்பிடக்கூடத் தெம்பில்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் விவரம் சரியாக இருந்ததால், எச்சரித்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டை உறையோடு முருகன் காலடியில் வைத்து எடுப்பதோடு சரி. பொட்டு என் வீட்டுக்காரர் நெற்றிக்கு மட்டும்தானுங்க.