மூக்கொழுகலுக்கு ஒரு ஊசி

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அங்கன்வாடியில் சேர்ந்த பிறகு மூக்கு ஒழுகாத வாரம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததாக நினைவில்லை. சாதாரண நாளில் நானும் கண்டுகொண்டிருக்க மாட்டேன். ஆனால் மகன் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மிளகு மூட்டை அடிவாரத்துச் சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கும் நாளில் சளி பிடித்த குழந்தையையும் கூடவே இறக்கிவிடுவோம். மூட்டையைப் போட்டுவிட்டு, கிளினிக்கில் ஒரு ஊசி. ஒரே பஸ்ஸில் இரண்டு வேலை முடிந்துவிடும்.

எங்கள் ஊர் நர்ஸ் வேண்டாம் என்றார். “வெறும் சளிதானுங்கக்கா. அவ ஒடம்பே அந்தக் கிருமிய அடிச்சுத் தொரத்தீரும். மூச்சு வாங்குனா மட்டும் ஓடியாங்க. தம்பிகிட்ட மட்டும் அண்ட விடாதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி பகலாக மூக்கைத் துடைப்பவள் நான், இவர் வாயால் வைத்தியம் பார்க்கிறார். மறுநாள் காலையில் கணவரோடு மகளை அனுப்பிவைத்தேன்.

மலைப்பாதை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம். கிளினிக்கில் இருமிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு நடுவே மதியம் வரை காத்திருந்தார்களாம். “ஒரு பையனோட நல்லா சேந்துக்கிட்டா. அவன் கடிச்ச பிஸ்கட்டயே வாங்கித் தின்னா” என்று கணவர் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

பழைய சளி நின்றது. ஊசிதான் நிறுத்தியது என்று நம்பினேன். நான்காம் நாள் புதிதாகக் காய்ச்சலும் இருமலும் வந்தன. இரண்டு நாள் சுருண்டு படுத்தவள், மூன்றாம் நாள் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள். அதற்குள் தம்பிக்குப் பத்து முத்தமாவது கொடுத்திருப்பாள். ஊசி போட்ட பிள்ளைதானே என்று நான் தடுக்கவில்லை.

மகன் பால் குடிப்பதை நிறுத்தினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. நர்ஸ் வந்து சட்டையை விலக்கி, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணினார். எண்ணி முடித்ததும் ஆம்புலன்ஸை அழைத்தார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டில் வேறு யாருக்குச் சளி இருந்தது என்று டாக்டர் கேட்டார்.

“பெரியவளுக்குங்க. ஆனா அவளுக்கு ஊசி போட்டுட்டோமுங்க” என்றார் கணவர்.

“சளிக்கு எதுக்குங்க ஊசி? இந்த மாதிரி கிருமிங்களோட சண்ட போட்டு அவ ஒடம்பு பழகிருச்சு. இவன் இப்பத்தான் மொத தடவ பாக்கறான். மூச்சுக்குழாயும் ரொம்பச் சின்னது.”

கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

ஐந்தாம் நாள் ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். மகன் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. மகள்தான். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“நான் இருமுனதாலதான் தம்பிக்கு வந்துச்சாம்மா?”

“இல்ல சாமி. இருமுற பிள்ளைங்க நடுவுல உன்னைய ஊசிக்கு அனுப்புனது அம்மாதான். அதனாலதான் வந்துச்சு.”

அவளுக்கு அது புரியவில்லை. தம்பியை எப்போது கூட்டி வருவாய் என்று கேட்டாள்.