தூக்கிக் காட்டப் போய்த் தொங்கிய காலை

நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும் ஹோய்ஸ்ட் என்ற இயந்திரத்தை விற்பது என் வேலை. ஓர் இரும்புத் தூண், அதிலிருந்து நீளும் கை, ஆளைத் தாங்கும் அகலமான துணி, ஏற்றி இறக்க ஒரு ரிமோட். அவ்வளவுதான். பத்தாங் காலியிலிருந்து சபாக் வரைக்கும் உள்ள கிளினிக்குகளும் முதியோர் இல்லங்களும் என் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வாங்க முடிவெடுப்பவரைப் பார், ஐந்து நிமிடத்தில் பேசி முடி, கார்டைக் கொடு, கிளம்பு. நானும் அப்படியே செய்தேன். முன் மேசையில் இருக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே கார்டை வாங்கி வைப்பார்கள். யாரும் திரும்ப அழைத்ததில்லை.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு சிறிய முதியோர் இல்லம். அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அதை நடத்துகிறார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். முன்பு போனபோதெல்லாம் அவர் ஒரு கையில் துவாலையும் இன்னொரு கையில் மருந்துமாக ஓடிக்கொண்டிருந்தார். அதனால் இந்த முறை போன் செய்து, எப்போது வந்தால் தொந்தரவு இருக்காது என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு மேல வாம்மா. குளிக்கிறது, பசியாறுறது எல்லாம் முடிஞ்சிரும்," என்றார். பிறகு, "மெஷின் நல்லாத்தான் இருக்கும். ஆனா இவங்க ஏறணுமே," என்றும் சொன்னார்.

காரின் பின் சீட்டை மடக்கி, இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போனேன். கூடத்தில் அதை மாட்டி நிறுத்தியதும் அங்கிருந்தவர்கள் ஏதோ வீட்டுக்குள் மாடு வந்துவிட்டதுபோல் பார்த்தார்கள். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். நல்ல கனமான உடம்பு. "என்னைய அதுல போடாதீங்க," என்றார் உடனே.

"நானே ஏறிக் காட்டுறேன் அங்கிள்," என்று காலியாக இருந்த கட்டிலில் படுத்தேன். சிஸ்டர் துணியை எனக்கு அடியில் விரித்து, வார்களைக் கொக்கியில் மாட்டி, பட்டனை அமுக்கினார். மெல்ல மேலே போனேன். அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்டரின் கார் வந்து நின்றது.

"இரும்மா, இந்தா வந்துட்டேன்." ரிமோட்டைத் தூணில் மாட்டிவிட்டு சிஸ்டர் ஓடினார். பணிப்பெண்கள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரிமோட் எட்டவில்லை.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது: தொங்குகிறவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும். கையை எங்கே வைப்பது என்று புரியாது. தொடையில் வார் அழுத்தும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதே இல்லை. எனக்கே தெரியாதே!

பெரியவர் நல்ல கையாலும் நல்ல காலாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ரிமோட்டை எடுத்தார்.

"இது என்னா செய்யும் பாப்பா?"

"மேல உள்ளது ஏத்தும் அங்கிள், கீழ உள்ளது இறக்கும். கீழ உள்ளதை அமுக்குங்க."

மேலே உள்ளதை அமுக்கினார். இன்னும் உயர்ந்தேன். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"போதும்லா, பிள்ளைய இறக்கு!" என்று மூலைக் கட்டிலிலிருந்து ஓர் அம்மா சத்தம் போட்டார். ஆனால் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"பயப்படாத பாப்பா. செம்பனை எஸ்டேட்ல கிரேன் வச்ச லோரி ஓட்டுனவன் நான். பழக்கொத்தையே கீழ போட்டதில்ல, உன்னையா போடுவேன்?"

சொன்னபடியே பூப்போல இறக்கினார். பிறகு மறுபடி ஏற்றினார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்புறம் நீங்க ஏன் அங்கிள் ஏற மாட்டேங்கிறீங்க?" என்று தொங்கிக்கொண்டே கேட்டேன்.

அவர் கை நின்றது. "ஒரு வாட்டி தூக்கயில நழுவிட்டேன். அடி படல. ஆனா தூக்கப் போறோம்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல பாரு. அதான்."

சிஸ்டர் உள்ளே வந்து, நான் இன்னும் அந்தரத்தில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். "ஐயோ! இவர் கையில யார் ரிமோட்டைக் கொடுத்தது?"

"சிஸ்டர், அடுத்தது நான்," என்றார் பெரியவர். "ஆனா பட்டன் என் கையிலதான் இருக்கணும்."

என்னை இறக்கியதும் அப்படியே செய்தோம். கொக்கிகளை மாட்டும்போது ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி மாட்டினேன். அவர் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு மேலே போனார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஒரு வாரம் விட்டுட்டுப் போறியா?" என்றார். மேனேஜர் போனில் முனகினார். பிறகு சரி என்றார்.

அடுத்த வாரம் போனபோது பெரியவர் வாசல் பக்கம் காற்றாட உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். இயந்திரத்தை நான் திரும்ப எடுத்துவரவில்லை, சிஸ்டர் வாங்கிக்கொண்டார். மூலைக் கட்டில் அம்மா மட்டும் அன்றைக்கும் ஏறவில்லை. "அவன் ரிமோட்டை வச்சிருக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன்லா," என்று சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி கொண்டுவரும்படி பணிப்பெண்ணிடம் சொன்னார்.