ஜெயராணி கால் பார்க்கிறாள்

கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் ஒன்றைக் குடைக்காம்பால் புரட்டிப் போட்டு, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஜெயராணி. உள்ளே ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் கடைசிப் பாட்டு ஓடுகிறது. சனம் வெளியே வருவதற்குள் இருபது ஜோடியாவது பார்த்துவிடுவாள். "இது யாருது? ஒருபக்கமா தேஞ்சி கெடக்கு பாருங்க. கட்டவெரலுகிட்ட கறை வேற. இன்னிக்கு இவுங்கள உடக் கூடாது." உரியவர் வந்து செருப்பில் காலை நுழைக்கும்போது பக்கத்தில் போய் நிற்பாள். "ஒரு நிமிஷம், காட்டுங்க. வெக்கப்படாதீங்க, நான் நர்ஸு." ஒருமுறை அப்படி மாட்டியவர் எங்கள் பங்குச் சாமியார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலைக் காட்டினார். வேறென்ன செய்வார், பாவம்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். கடலூர் செம்மண்டலத்தில் வீடு; விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்துப் போகிறவள் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். முகம் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. பஸ்ஸில் யாராவது "சிஸ்டர், என்னத் தெரியுதா?" என்று கேட்டால் சட்டென்று கீழே குனிவாள். அப்புறம்தான் அவள் முகம் மலரும். "அட, எடதுகாலு சுண்டுவெரலு! நீங்களா! சூப்பரா ஆறிப்போச்சே!" காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் முதலாளி ஒருவர், வெள்ளைச் சட்டையும் தங்கப் பேனாவுமாக நின்றவர், ஒரு பஸ் நிறைய ஆள் இருக்கும்போது இப்படிச் சுண்டுவிரலாக அறிவிக்கப்பட்டார். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அவள் கைப்பையில் செபமாலையும், முள் எடுக்கிற கிடுக்கியும், சின்ன டார்ச்சும் ஒரே அறையில் கிடக்கும். செபமாலை கிடுக்கியில் சிக்கிக்கொண்டு வரும் நாட்களில் இரண்டையும் பிரித்தெடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். "ரெண்டும் நமக்கு வேணும்ல" என்பாள்.

அவளுடைய நிரந்தர நோயாளி நான். பெயர் அன்பரசு. கடலூரில் ஒரு தபால் ஆபீஸில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் பேப்பர் விரித்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே முக்காலியில் அவள் உட்காருவாள். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, மீன் பிடிக்கிற நரம்பு போல ஒரு நைலான் இழை வைத்திருக்கிறாள். "கண்ண மூடுங்க. தொட்டா சொல்லுங்க." பாதத்தில் பத்து இடம் தொடுவாள். நான் பத்துக்குப் பத்து "தெரியுது" என்பேன். அவளும் என் அட்டையில் "நார்மல்" என்று எழுதிக்கொள்வாள். நான் கண்ணை முழுசாக மூடுவதில்லை. இமைக்கு நடுவே ஒரு கீற்று விட்டு, அவள் கை எப்போது அசைகிறது என்று பார்த்துச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து ஒருநாளும் மாட்டாதவன், ஐம்பத்து நாலு வயதில் பெண்டாட்டியிடமா மாட்டப்போகிறேன்?

இப்படிப்பட்ட யோக்கியனுக்கு, ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் பிடித்ததை விட்டு நோன்பிருக்கும் தவக்காலம் வந்தால் பக்தி பொங்கும். ஒரு வருஷம் காப்பியை விட்டேன். அதற்குப் பதில் ஏழு டீ. இன்னொரு வருஷம் இறைச்சியை விட்டேன். நாற்பது நாளில் கடலூர் முதுநகர் நண்டுக்கெல்லாம் என்னைக் கண்டால் கலக்கம். போன வருஷம் டி.வி.யை விட்டு, போனில் பார்த்தேன். எங்கள் தெருக்காரர்கள் வாரம் ஒருமுறை கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு நான் தலைவன் வேறு. தலைவன் ஏதாவது பெரிதாக விட வேண்டாமா? இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலை, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தபோது மாசிப் பனியில் தெரு முழுக்க ஈரமாக இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நாற்பது நாளும் செருப்பில்லாமல் நடப்பது.

ஜெயராணியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். "செருப்பு இல்லாம ஒரு அடி வெக்காதீங்க" என்று தினம் அறுபது பேரிடம் சொல்கிறவள் அவள். ஆகவே வீட்டிலிருந்து செருப்போடு கிளம்புவேன். தெருமுனை திரும்பியதும் கழற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிடுவேன். ஸ்கூட்டரில் போகிறவனுக்கு வெறுங்கால் என்ன பெரிய ஒறுத்தல் என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆபீஸில்தான் சிக்கல். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் காலை யார் பார்ப்பார்கள்? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் முதல், கோந்து பாட்டிலை நகர்த்தி வைக்க, பாரம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க என்று அடிக்கடி வெளியே வர ஆரம்பித்தேன். பத்து வருஷத்தில் நான் பொதுமக்களுக்கு அவ்வளவு உதவியதில்லை. எங்கள் அன்பியத்து மலர்க்கொடி பதிவுத் தபால் அனுப்ப வந்தவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, செருப்பு எங்கண்ணே?"

"நாப்பது நாளைக்கு வேணாம்னுதாம்மா." குரலை இறக்கிச் சொன்னேன். "ஜெயராணிகிட்ட மட்டும் சொல்லிடாத. ஒறுத்தல மறைவாத்தான் செய்யணும்னு வேதத்துல இருக்கு."

மலர்க்கொடி வாக்குத் தவறாதவள். ஜெயராணியைத் தவிர எல்லாரிடமும் சொன்னாள்.

மார்ச் முதல் தேதியே ஞாயிறு. பேப்பர் விரித்துப் பாதத்தைப் பார்த்தவள் புருவத்தைச் சுளித்தாள். "இன்னாங்க இது, காலு இப்படி வறண்டு கெடக்கு?"

"பனி ஜாஸ்தி இல்ல?" என்றேன்.

நம்பிவிட்டாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விரலிடுக்கு விடாமல் தேய்த்தாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்த உபசாரத்தில் அதுவும் சரியாகிவிட்டது.

பனி போய்ப் பங்குனி வெயில் ஏறியது. கோயில் வளாகத்து வேப்பமரம் பூத்துக் கொட்ட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதோறும் மதியம் சிலுவைப்பாதைச் செபம். வளாகத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு சுற்றி வரும் மற்றவர்கள் குதிகாலால் குதித்துக் குதித்து நடந்தார்கள். நான் ஒருவன் மட்டும் மெத்தையில் நடப்பதுபோல நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை. அருள் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரை என்று தோன்றவில்லை.

குருத்து ஞாயிறு அன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனில் சாமியார் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேர் பட்டியலை வாசித்தார்கள். நாலாவது பெயர் என்னுடையது. ஜெயராணி என்னைத் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். "உங்களையா? எதுக்குங்க?" என்று காதில் கேட்டாள். நியாயமான கேள்வி.

சாமியார் வந்து கால் கழுவுவார் என்பதற்காகவே பன்னிரண்டு பேரும் வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவது எங்கள் பங்கில் வழக்கம். சாமியாருக்கு மிச்சம் வைக்க மாட்டோம். நானும் அன்றைக்கு ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, நகம் வெட்டி, மேற்பாதத்தைப் பீர்க்கை நாரால் மினுங்கத் தேய்த்தேன். அடிப்பாதத்தைக் குனிந்து பார்க்கத் தொப்பை விடாது. அதற்குத்தான் ஜெயராணி இருக்கிறாளே.

சாயங்காலப் பூசை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. சாமியார் முட்டி போட்டு, ஒவ்வொருவராக வலதுகாலைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். என் கால் வந்தது. ஊற்றிய தண்ணீர் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக விழுந்தது. சாமியார் காலைத் திருப்பிப் பார்த்தார். கையில் துண்டு அப்படியே நின்றது. முன்பெஞ்சில் இருந்த மலர்க்கொடி எழுந்தேவிட்டாள்.

"இயேசுவே! அண்ணன் காலுல உம்ம ஆணி அறஞ்ச திருக்காயம்!"

கோயில் முழுக்க ஓர் "ஆ". சத்தியமாகச் சொல்கிறேன், பாதி பரலோக மந்திரம் சொல்லும் நேரத்துக்கு நானும் அதை நம்பினேன். அதற்குத் தகுந்தாற்போல முகத்தைச் சாந்தமாக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயராணி எழுந்து வந்தாள். ஓடவில்லை, வார்டில் நடக்கும் நடை. "கொஞ்சம் வெலகுங்க ஃபாதர்" என்று சாமியாரிடமிருந்து என் காலை வாங்கித் தன் மடியில் வைத்தாள். கைப்பை திறந்தது. டார்ச்சைச் சாமியாரிடம் கொடுத்தாள்; அவரும் பிடித்தார். செபமாலை சிக்கிய கிடுக்கியை ஓர் உதறு உதறி, கட்டைவிரலுக்குக் கீழே நுழைத்து இழுத்தாள்.

"ஸ்டேப்ளர் பின்னு" என்றாள்.

சாமியாரின் அங்கியில் மாட்டியிருந்த மைக் அதைக் கோயிலுக்கு வெளியே உள்ள ஒலிபெருக்கி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு முன்பெஞ்சு வரை வந்தது. என் தபால் ஆபீஸ் தரை முழுக்க அந்தப் பின்தான் கிடக்கும். ஜெயராணி சிரிக்கவில்லை.

"வலிச்சிதா?"

"வலிச்சுது" என்றேன், பழக்கத்தில்.

"எப்ப குத்துச்சி?"

எனக்குத் தெரியவில்லை. பின் துருவேறியிருந்தது. அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒரு முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் போட்டாள். பிறகு ஒரு துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டினாள். நைலான் இழையை எடுத்தாள் போலிருக்கிறது, எனக்குத் தெரிந்தால்தானே? பத்து இடம் தொட்டாளாம். நான் இரண்டுக்குத்தான் "தெரியுது" என்றேன். அதில் ஒன்று அவள் தொடாதபோது சொன்னது.

துண்டை அவிழ்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். குமராட்சிப் பக்கம் வயல்வேலை செய்தவர் என் மாமனார் சாமிக்கண்ணு. சர்க்கரை இருந்தும் செருப்பே போட்டறியாதவர். சேற்றில் நத்தை ஓடு கிழித்தது தெரியாமல் நாலு நாள் நடந்தார். முதலில் விரல் போனது, பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே முழுசும், பிறகு அவர். அப்போது ஜெயராணி நர்ஸிங் கடைசி வருஷம்.

"எங்கப்பா பொய் சொல்லலிங்க. தெரியலன்னு சொன்னாரு, யாருக்கும் புரியல. நீங்க நார்மல்னு என் கையாலயே எழுத வெச்சிங்க. ஊருல உள்ள காலெல்லாம் காப்பாத்திட்டு வீட்டுல கோட்ட உட்டுட்டேன்."

 "மன்னிச்சிடு" என்றேன். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

பெரிய வெள்ளி காலையில் சிதம்பரத்துக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். புண் எலும்பைத் தொடவில்லை, கால் தப்பித்தது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் கட்டைவிரலை எடுத்திருக்க வேண்டும், ஆறு வாரத்துக்கு வெறுங்கால் தரையில் படவே கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேயே கறுப்பு ரப்பரில் ஒரு செருப்பு தைத்துக் கொடுப்பார்கள். பட்டை ஒட்டுகிற மாதிரி, பார்க்க இரண்டு பெரிய கரப்பான்பூச்சி போல இருக்கும். அதில் என் அளவுக்கு ஒன்றை வாங்கி மாட்டினாள்.

"கோயிலுக்குள்ளயும் இதோடதான் வரணும்."

"இன்னிக்கா? பெரிய வெள்ளிக்கிழமையா?"

"இன்னிக்கேதான்."

அன்று மூன்று மணி வழிபாட்டில் சாமியார்கூட வெறுங்காலோடு நடந்து வந்துதான் சிலுவையை முத்தமிடுவார். ஊரெல்லாம் வெறுங்காலோடு திரிந்தவன், ஊரே செருப்பைக் கழற்றும் இடத்துக்குச் செருப்போடு போக வேண்டும்.

வாசலில் வழக்கமான குவியல். வேப்பம்பூ உதிர்ந்து எல்லாச் செருப்பின் மேலும் கிடந்தது. மலர்க்கொடியும் அன்பியத்து ஆட்களும் ஓரமாக நின்று என் காலையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. சட்டென்று குனிந்து, தொப்பை அனுமதித்த மட்டும் எட்டி, வலதுகால் பட்டையைப் பிரித்துவிட்டேன்.

ஜெயராணி தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கைப்பையை என்னிடம் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். அத்தனை பேருக்கும் முன்னால் படியில் முட்டி போட்டு, என் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, கட்டுத்துணியில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டாள். செருப்பை மாட்டிப் பட்டையை இழுத்து ஒட்டினாள்.

"இறுக்குதா?"

கண்ணை நன்றாகத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

"தெரியல, ஜெயராணி" என்றேன்.

பட்டைக்கும் என் தோலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைத்து, அது இறுக்குகிறதா என்று சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.